சேர்வராயன் மலையில் வீடு கட்டுமுன்

2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை. காலை 8 மணிக்குச் சற்று முன்பு சேலம், தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்களில் தரை அதிர்ந்தது. ஏற்காட்டிலும் மக்கள் வீட்டை விட்டு வெளியே ஓடிவந்தார்கள். தேசிய நிலநடுக்கவியல் மையம் அதை 3.3 அளவுள்ள நிலநடுக்கம் என்று பதிவு செய்தது. பெரிய சேதம் எதுவும் இல்லை. இரண்டு நாள் பேச்சோடு அது மறந்துபோயிற்று. "நம்ம மலை கெட்டிப் பாறை, இங்கே என்ன வந்துவிடப் போகிறது" என்பதுதான் ஊர்ப் பேச்சின் முடிவாக இருந்தது.

பாறை கெட்டிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாறையின் மேல் நாம் இன்று கட்டுகிற வீடுகள் கெட்டியா என்று யாரும் கேட்பதில்லை. வாழவந்தி போன்ற மலைக்கிராமங்களிலும் ஏற்காட்டைச் சுற்றியும் மலைச் சரிவில் பில்லர் ஊன்றி எழும் வீடுகளும் தங்கும் விடுதிகளும் பெருகிவரும் இந்தக் காலத்தில், அவசரமாகக் கேட்க வேண்டிய கேள்வி அது.

முதலில் பாறையைப் பார்ப்போம். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னகைட் என்னும் பாறையால் ஆனது. கல்கத்தாவில் புதைக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை. அதையொட்டித்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரைச் சூட்டினார். சென்னையை அடுத்த பல்லாவரத்திலும் இதே வகைப் பாறைதான். பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதான பாறை இது. மலை உச்சிகளில் மழையும் வெயிலும் இதைக் காலங்காலமாக அரித்துச் செம்பாறையாகவும் பாக்சைட்டாகவும் மாற்றியிருக்கின்றன. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்து பாக்சைட் போனதற்கு அதுவே காரணம்.

இந்த மலையின் தெற்கே, மோயாற்றிலிருந்து பவானி, சேலம் வழியாக ஆத்தூர் வரை ஒரு நீண்ட வெட்டு மண்டலம் ஓடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தடம் அது. இன்று அங்கே மலைகள் மோதிக்கொள்ளவில்லை. ஆனால் இந்தியத் தட்டு முழுவதும் இன்னும் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் வடகிழக்காக நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கத்தின் பெரும்பகுதி இமயமலையில் செலவாகிறது. மிகச் சிறு பங்கு தட்டின் உள்ளே, பழைய காயங்களைப் போல் கிடக்கும் இப்படிப்பட்ட பலவீனக் கோடுகளில் மெல்லச் சேர்கிறது. சேர்வதற்கு நூற்றாண்டுகள் ஆகலாம், ஆயிரம் ஆண்டுகளும் ஆகலாம். அதனால்தான் தாத்தா காலத்திலும் அப்பா காலத்திலும் ஒன்றும் நடக்கவில்லை என்பது தென்னிந்தியாவில் எதற்கும் உத்தரவாதமாகாது.

சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று விடியுமுன் கோயம்புத்தூர்ப் பகுதியில் 6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. 2018இன் 3.3 எங்கே, அந்த 6 எங்கே? அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 1900இல் வெளிப்பட்ட ஆற்றல் 2018இல் வெளிப்பட்டதைப் போல் சுமார் 11,000 மடங்கு. அன்று கோவை சிறிய ஊர், வீடுகள் தாழ்ந்தவை. இன்று அதே அதிர்வு வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பொறியாளர்கள் யோசிக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தின் கிள்ளாரி இன்னும் கடுமையான பாடம். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை 4 மணிக்கு முன்னர், விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து மக்கள் அயர்ந்து தூங்கிய நேரம். 6.2 அளவுதான். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் கிள்ளாரி இருந்தது ஆபத்து மிகக் குறைந்த முதலாம் மண்டலத்தில். தக்காணத்தின் பழைய, கெட்டியான நிலம் என்று எல்லோரும் நம்பிய இடம் அது. பிறகு 2002இல் வரைபடம் திருத்தப்பட்டபோது முதலாம் மண்டலம் என்பதே எடுக்கப்பட்டுவிட்டது. அதாவது, இந்தியாவில் நிலநடுக்கமே வராத இடம் என்று சட்டப்படி எதுவும் இல்லை.

இங்கே மேட்டூர் அணையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2018இல் தரை அதிர்ந்த அந்த வாரத்தில்தான் அணை முழு உயரமான 120 அடியை எட்டியது. அதனால்தான் அதிர்ந்ததோ என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. மகாராஷ்டிரத்தில் கொய்னா அணை 1962இல் நிரம்பத் தொடங்கிய பிறகு அங்கே அதிர்வுகள் பெருகி, 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் பெரிய நிலநடுக்கமே வந்தது. தண்ணீரின் எடை ஒருபுறம் அழுத்த, பாறைப் பிளவுகளுக்குள் நீர் இறங்கி உராய்வைக் குறைப்பதால் இது நடக்கும். ஆனால் கொய்னாவில் அந்தத் தொடர்பை நிறுவியது பல ஆண்டுகள் தொடர்ந்த ஆயிரக்கணக்கான பதிவுகள். மேட்டூர் அணையோ 1934 முதல் நிரம்பியும் வற்றியும் வருகிறது. ஒரே ஒரு சிறு அதிர்வையும் ஒரே ஒரு வெள்ளத்தையும் வைத்துக் காரணம் சொல்வது அறிவியலாகாது.

இனி பொறியியலுக்கு வருவோம். கட்டடங்களை எந்த அதிர்வுக்குத் தயார் செய்ய வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1893. இதன் முதல் பதிப்பு 1962இல் வந்தது. ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜெய் கிருஷ்ணா 1960இல் தொடங்கிய நிலநடுக்கப் பொறியியல் பள்ளிதான் அந்தத் துறைக்கே இந்தியாவில் வேர். தரவிதியின் 2016 பதிப்பில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. சென்னை, கோவை, தருமபுரி ஆகியவையும் அப்படியே. மூன்றாம் மண்டலத்துக்கு விதி கொடுக்கும் எண் 0.16. அங்கு எதிர்பார்க்கத்தக்க கடுமையான அதிர்வில் தரையின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 16 சதவீதம் இருக்கலாம் என்பது அதன் பொருள்.

அந்த 16 சதவீதம் வீட்டுக்கு என்ன செய்யும்? சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் நின்றபடி வந்தவர்களுக்கு இது உடனே புரியும். பஸ் திரும்புகிறது, கால் பஸ்ஸோடு போகிறது, உடம்பு போக மறுக்கிறது, இடுப்பும் முழங்காலும் வலி தாங்குகின்றன. நிலநடுக்கத்தில் யாரும் வீட்டைத் தள்ளுவதில்லை. அடித்தளம் தரையோடு நகர்கிறது, மேலே இருக்கும் எடை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இடையில் மாட்டிக்கொள்வது பில்லரும் சுவரும். ஆகவே மேலே எடை கூடக்கூட ஆபத்தும் கூடும். 360 சதுர அடி வீட்டில் 4 அங்குலக் கான்கிரீட் தளம் மட்டுமே 8 டன்னுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் இந்த மலையில் மூங்கிலும் மண்ணும் புல்கூரையுமாக மலையாளிப் பழங்குடியினர் கட்டிய குடிசைகளில் தலைக்கு மேல் அவ்வளவு எடை இருந்ததே இல்லை. மழைக்கும் தீக்கும் அந்த வீடுகள் தாக்குப்பிடிக்காதவை, கான்கிரீட் வீடு வேண்டும் என்று மக்கள் விரும்புவதில் முழு நியாயம் உண்டு. ஆனால் கூரையை மாற்றும்போது கீழே இருக்கும் உடம்பையும் மாற்றியாக வேண்டும்.

கெட்டிப் பாறையில் கட்டினால் அதிர்வு குறையும் என்பதும் பாதி உண்மைதான். மென்மையான ஆற்றுப்படுகை மண், மெதுவாக அசையும் உயரமான கட்டடங்களை மோசமாக ஆட்டும் என்பது சரி. ஆனால் ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள் ஒரு அசைவை முடிக்க 0.4 விநாடிக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கின்றன. அந்த வேகமான அசைவுகளுக்குப் பாறைக்கும் மண்ணுக்கும் தரவிதி வித்தியாசமே காட்டுவதில்லை. இரண்டிலும் தரையின் முடுக்கம் வீட்டுக்குள் இரண்டரை மடங்காகப் பெருகும் என்றே கணக்கிடச் சொல்கிறது. பாறை அதிர்வது வேகமான, படபடப்பான அதிர்வு. சிறு வீடும் அதே வேகத்தில் அசைவது. பாறையின் மேல் இருக்கிறோம் என்ற நிம்மதி சிறு வீட்டுக்காரருக்குப் பொருந்தாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

மலையில் உண்மையான வில்லங்கம் வேறொன்று. அது பில்லரின் உயரம்.

சரிவில் வீடு கட்டும்போது தளம் மட்டமாக இருக்க வேண்டும், நிலமோ சாய்ந்திருக்கிறது. எனவே மேட்டுப் பக்கத்துப் பில்லர் 1 மீட்டர், பள்ளத்துப் பக்கத்துப் பில்லர் 3 மீட்டர் என்று அமைகிறது. பார்ப்பவர் கண்ணுக்குக் குட்டைப் பில்லர்தான் பலமாகத் தெரியும், நெட்டைப் பில்லர்தான் பயமுறுத்தும். நிலநடுக்கத்தில் நடப்பதோ தலைகீழ். மேல்தளம் ஒரே பலகையாக நகர்கிறது. எல்லாப் பில்லர்களின் தலையும் ஒரே அளவு நகர்ந்தாக வேண்டும். நெட்டைப் பில்லர் வளைந்து கொடுத்துப் போய்விடும். குட்டைப் பில்லரை அதே அளவு வளைக்கப் பெரும் விசை வேண்டும். அந்த விசை உயரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் கூடுகிறது. உயரம் பாதியானால் 8 மடங்கு. உயரம் மூன்றில் ஒன்றானால் 27 மடங்கு. ஒரே கம்பி, ஒரே கலவை, ஒரே அளவு என்று எல்லாப் பில்லரையும் ஒன்றுபோல் கட்டினால், அந்த 1 மீட்டர்ப் பில்லர் தன் அண்ணனைப் போல் 27 மடங்கு விசையைத் தாங்க வேண்டிவரும். அது தாங்காது. குறுக்காக, பெருக்கல் குறி வடிவில் வெடித்துச் சிதறும். அது போனதும் சுமை அடுத்த குட்டைப் பில்லருக்குப் போகும், அடுத்து அதற்கடுத்ததுக்கு.

2011 செப்டம்பர் 18 சிக்கிம் நிலநடுக்கத்தில் கேங்டாக் போன்ற மலை நகரங்களில் சரிவில் நின்ற பல மாடிக் கட்டடங்கள் மோசமாகச் சேதமுற்றன. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் வண்டி நிறுத்தத்துக்காகக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் விட்டிருந்த அடுக்குமாடிகள் தரையோடு அமர்ந்தன. சரிவில் பில்லர்மேல் நிற்கும் வீட்டில் இந்த இரண்டு குறைகளும் ஒன்றாகவே சேர்ந்துவிடுகின்றன: கீழே வெற்றுப் பில்லர், அதிலும் சில குட்டை, சில நெட்டை. பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனிக்காக மலையெங்கும் இப்படிக் கட்டுகிறார்கள். அழகான காட்சி என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்காகத் தங்க வருகிறவர் தலைக்கு மேல் இப்படியொரு ஆபத்தைத் தொங்கவிடக் கூடாது.

வழி இருக்கிறது. முதல் வழி, முடிந்தவரை நிலத்தைப் படிப்படியாகச் சமப்படுத்தி எல்லாப் பில்லரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் தொடங்கும்படி செய்வது. இரண்டாவது, பள்ளத்துப் பக்கம் கான்கிரீட் சுவர் எழுப்பி விசையை அதன் பக்கம் இழுத்துக்கொள்வது. மூன்றாவது, குட்டைப் பில்லர் தவிர்க்க முடியாது என்றால், அதன் முழு உயரத்துக்கும் ரிங்கை நெருக்கமாகப் போடுவது. இவற்றில் எது பொருத்தம் என்று கட்டமைப்புப் பொறியாளர் இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஊர்க் கொத்தனாரின் அனுபவம் பெரிது, ஆனால் அவர் வாழ்நாளில் ஒரு பெரிய நிலநடுக்கத்தையும் பார்த்திருக்க மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அனுபவத்தின் இடத்தைக் கணக்குதான் நிரப்ப வேண்டும்.

ரிங்கைப் பற்றிச் சொன்னேன். பில்லரின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்தான் அது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிளக்கும். அதிர்வில் பில்லர் இப்பக்கமும் அப்பக்கமும் வளையும்போது உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்கி வெளியே தெறிக்கப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ரிங். பெரும்பாலான இடங்களில் கம்பி வேலை செய்பவர்கள் ரிங்கின் முனையை 90 பாகையில் மடக்கிவிடுகிறார்கள். மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த முனை பிரிந்துகொள்ளும், ரிங் இருந்தும் இல்லாதது ஆகிவிடும். முனையை 135 பாகைக்கு, அதாவது பில்லரின் உள்வயிற்றை நோக்கி மடக்க வேண்டும். மடக்கிய முனை 65 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பில்லரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரிங்குக்கும் ரிங்குக்கும் உள்ள இடைவெளி 3 அங்குல அளவில் இருக்க வேண்டும். இது ஐ.எஸ். 13920 என்னும் தரவிதி. மூன்றாம் மண்டலத்தில் கான்கிரீட் சட்டகக் கட்டடங்களுக்கு இது கட்டாயம்.

அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது: பில்லரின் எந்தப் பக்கமும் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நம் ஊரில் சுவரோடு சுவராக மறைந்துபோக வேண்டும் என்று போடுகிற 9 அங்குலப் பில்லர் 230 மில்லிமீட்டர்தான். தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் அந்தப் பில்லரில் நிற்கின்றன என்று நினைத்தால் மனம் கனக்கிறது. கட்டி முடித்ததை இடிக்கச் சொல்லவில்லை. இனிக் கட்டுவதில் அந்த 3 அங்குலத்துக்குத் தயங்க வேண்டாம்.

பில்லரே இல்லாமல் செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் சுவர்மேல் தளம் போடும் வீடுகள்தான் மலைக்கிராமங்களில் அதிகம். இவற்றைக் காக்கும் வழி இன்னும் எளியது, இன்னும் மலிவானது. அதைக் கண்டுபிடித்த கதை கேட்கத்தக்கது. பலூசிஸ்தானத்தில் 1931இல் மச் என்ற இடத்தில் நிலநடுக்கம் வந்த பிறகு எஸ். எல். குமார் என்னும் இளம் இரயில்வே பொறியாளர் குவெட்டாவில் இரயில்வே ஊழியர்களுக்கு அதிர்வைத் தாங்கும் குடியிருப்புகளை வடிவமைத்தார். 1933இல் இந்தியாவின் முதல் நிலநடுக்க மண்டல வரைபடத்தையும் அவரே வெளியிட்டார். 1935 மே 31 அதிகாலையில் குவெட்டா நகரம் தரைமட்டமாகிப் பல்லாயிரம் பேர் மாண்டபோது, குமாரின் வீடுகள் நின்றன. இந்தியாவில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சுவர் வீட்டில் நான்கு சுவர்களும் மூலையில் பிரிந்து தனித்தனியே வெளிப்புறம் விழுவதுதான் மரணத்துக்குக் காரணம். பிரியாமல் கட்டிப்போட்டால் அவை ஒரு பெட்டியாக நிற்கும். ஜன்னல், கதவுகளின் மேல்மட்டத்தில் லிண்டல் போடுகிறோம் அல்லவா, அதை ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டுதுண்டாகப் போடாமல், வீட்டைச் சுற்றிலும் உட்சுவர்களிலும் எங்கும் அறுபடாமல் ஓடும் ஒரே பட்டையாகப் போட வேண்டும். இவ்வளவுதான். சிறிய வீட்டுக்கு 3 அங்குலக் கனத்தில், 8 மில்லிமீட்டர்க் கம்பி இரண்டு, அவற்றை 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இணைக்கும் 6 மில்லிமீட்டர்க் குறுக்குக் கம்பி. 360 சதுர அடி வீட்டின் வெளிச்சுவரைச் சுற்றிவர நீளக் கம்பி ஏறத்தாழ 20 கிலோ. மூலைகளில் அடித்தளத்திலிருந்து தளம் வரை ஒரு நிலைக்கம்பியும் நிறுத்தினால் இன்னும் நல்லது. பட்டையும் நிலைக்கம்பியும் இல்லாத செங்கல் வீடு தன் எடையில் 13 சதவீதத்துக்கு மேல் பக்கவாட்டு விசைக்குத் தாங்க வேண்டும் என்றும், இரண்டும் இருந்தால் 8 சதவீதத்துக்குத் தாங்கினால் போதும் என்றும் மூன்றாம் மண்டலத்துக்கான கணக்கு சொல்கிறது. அவ்வளவு நம்பிக்கை அந்தக் கம்பிமேல்.

நம்பிக்கை வெறும் காகிதத்தில் வந்ததில்லை. ரூர்க்கியில் தண்டவாளத்தில் ஓடும் மேடையில் உண்மையான கல்வீட்டின் மாதிரியைக் கட்டி, இன்னொரு வண்டியால் மோதவைத்துச் சோதித்தார்கள். பட்டை இல்லாத வீடு சரிந்தது, பட்டை உள்ள வீடு விரிசலோடு நின்றது. நமக்குப் பக்கத்தில் சென்னைத் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் நீரழுத்தத்தால் இயங்கும் அதிர்வு மேடைகள் உண்டு. உண்மையில் நடந்த நிலநடுக்கத்தின் பதிவையே மேடையில் ஓட்டிப் பார்க்கலாம். விரிசல் விழுவதில் தவறில்லை என்பது இந்தத் துறையின் அடிப்படைக் கொள்கை. வீடு பழுதாகலாம், ஆனால் உள்ளே தூங்குபவர் நடந்து வெளியே வர வேண்டும்.

கருங்கல் சுவருக்குத் தனி எச்சரிக்கை உண்டு. கிள்ளாரியில் கொன்றது கனத்த கல்சுவர்தான். உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவே மண்ணும் சில்லும் நிரப்பிய சுவர். அதிர்ந்ததும் இரண்டு முகங்களும் இரண்டு பக்கமும் பிரிந்தன, கூரை நடுவில் இறங்கியது. சுவரின் இரு முகங்களையும் கோர்க்கும் நீளக்கல்லை உயரத்தில் 2 அடிக்கு ஒன்றும், நீளத்தில் 4 அடிக்கு ஒன்றுமாக வைக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 13828 விதி. நீளக்கல் கிடைக்காவிட்டால் கம்பி செருகிய கான்கிரீட் துண்டு போதும். ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களாக்களைப் பழுது பார்ப்பவர்கள் பூச்சையும் பெயின்டையும் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

நிலச்சரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்துகிறேன், அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். மழையில் ஊறிய, செங்குத்தாக வெட்டிய சரிவுக்குச் சிறு அதிர்வே போதும். வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டுவதும், வெட்டிய மண்ணை முன்னால் கொட்டி அதன்மேல் பில்லர் ஊன்றுவதும் மழைக்கும் அதிர்வுக்கும் ஒருசேரக் கதவு திறந்துவிடுவது போலாகும். தாங்குசுவரில் நீர் வடியத் துளை இல்லையென்றால் அதுவும் சுவர் அல்ல, அணை.

அரசு வீடு கட்டித் தரும் திட்டங்களால் மலைக்கிராமங்களில் ஆயிரம் வீடுகள் எழும்போது, அவற்றின் வரைபடத்தில் அறுபடாத லிண்டல் பட்டை இருக்கிறதா என்று ஊராட்சித் தலைவர்கள் கேட்க வேண்டும். கம்பி கட்டுபவர்களுக்கு 135 பாகை மடக்கைக் கற்றுத்தர ஒரு நாள் பயிற்சி போதும். சேலத்துப் பொறியியல் கல்லூரிகள் அதை மலைமேல் வந்து நடத்தலாம். ஏற்காட்டிலோ வாழவந்தியிலோ வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்கள், கான்கிரீட் கொட்டுமுன் ஒருமுறை கம்பிக் கட்டைப் போய்ப் பாருங்கள். ரிங்கின் முனை உள்ளே மடங்கியிருக்கிறதா, லிண்டல் கம்பி மூலையில் அறுபடாமல் திரும்புகிறதா, குட்டைப் பில்லருக்கு நெருக்கமாக ரிங் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். கொட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.